கடைசி அடியில் பிறந்த காவியம்

1874 கோடையில், இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு அருகே குன்றோரம் நடந்துகொண்டிருந்த லூயிஸ் கரோலின் மனத்தில் ஒற்றை வரி உதித்தது. பொருள் அவருக்கே விளங்கவில்லை. அதையே கடைசி அடியாக வைத்து, துண்டுதுண்டாக எழுதிச் சேர்த்து, எட்டுப் பகுதிகளில் ஒரு வேடிக்கைக் காவியம் படைத்தார். 1876இல் வெளியான 'தி ஹண்டிங் ஆஃப் தி ஸ்னார்க்' அதுதான்.

ஸ்னார்க் என்னும் விசித்திரப் பிராணியைத் தேடிக் கப்பலேறுகிறது ஒரு கூட்டம். கையிலிருக்கும் கடல் வரைபடமோ வெறும் வெள்ளைத்தாள்; எல்லோருக்கும் புரிகிறதே என்று மாலுமிகளுக்கு ஏக மகிழ்ச்சி! இவ்வளவு கிறுக்குத்தனத்திலும் சந்தம் தள்ளாடுவதில்லை, இயைபு தவறுவதில்லை. நகைச்சுவைப் பாட்டில் ஓசை இடறினால் சிரிப்பும் போய்விடும்.

ஓவியர் ஹென்றி ஹாலிடே ஸ்னார்க்கை வரைந்தே காட்டினார். படம் அருமை என்றாலும் நூலில் சேர்க்கக் கரோல் சம்மதிக்கவில்லை. சரியான பிடிவாதம். உருவம் தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன வேட்டை?