பரீட்சைப் பேனா

பங்குனி பிறந்தால் திருமழபாடியில் இரண்டு பரபரப்பு. ஒன்று, புனர்பூசத்தன்று நடக்கும் நந்தி கல்யாணம். மற்றது செமஸ்டர். ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்பார்கள். அரியர் வைத்திருக்கும் பிள்ளைகள், முந்தி டிகிரி கிடைக்குமா என்றுதான் சாமியைக் கேட்கிறார்கள்.

இந்தப் பருவத்தின் நாயகன் மலிவு விலைப் பால்பாயிண்ட் பேனா. கொள்ளிடக் கரை வெயிலில் வேர்த்த கையில் ஜெல் பேனா இழுகிவிடும், இது அசையாது. முனையில் கடுகைவிடச் சிறிய குண்டு ஒன்று. தாளில் உருண்டால் உள்ளிருக்கும் எண்ணெய் மையை வாரிக்கொண்டு வரும், அவ்வளவுதான் வித்தை. 1938இல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஹங்கேரிக்காரர் லாஸ்லோ பிரோ, ஒரு பத்திரிகையாளர். சீக்கிரம் காயும் மை வேண்டும் என்ற அவர் கவலை, மூன்று மணி நேரத்தில் பக்கம் பக்கமாக நிரப்புகிறவர்களுக்கு நன்றாகவே புரியும்.

எழுதாத பேனாவை உள்ளங்கையில் தேய்ப்பது, ரீஃபிலைக் கழற்றி ஊதுவது, பின்பெஞ்சில் கடன் கேட்டுக் கண்காணிப்பாளரிடம் திட்டு வாங்குவது எல்லாம் அறிந்த கதை. பாதிக் குற்றம் பேனாவுடையதல்ல. கோயிலில் வைத்து எடுக்கும்போது பக்தி மிகுந்து முனையிலேயே குங்குமம் வைத்துவிடுகிறார்கள். பொடி போய் அடைத்துக்கொண்டால் குண்டு எப்படி உருளும்?

குங்குமத்தை மூடியில் வையுங்கள். புதுப் பேனாவானால் முதல்நாளே இரண்டு பக்கம் எழுதிப் பழக்கிவிடுங்கள்.