பொன்மீனும் கோவிவனும்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை ஏறுகிறவர்கள் பாறையையும் பள்ளத்தையும் பார்த்து மலைத்து நிற்பார்கள். எனக்கு அங்கே போனால் விருதுகள்தான் நினைவுக்கு வரும். இந்தக் கோட்டையே ஒரு காலத்தில் ஒருவரின் பட்டப்பெயரைச் சுமந்து நின்றது. நெடுநாள் முற்றுகைக்குப் பிறகு 1698இல் மராட்டியரிடமிருந்து இதைப் பிடித்த முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் பட்டம் நுஸ்ரத் ஜங். அவர் பொருட்டுச் செஞ்சிக்கு நுஸ்ரத்கட் என்று பெயரிட்டார்கள். மூன்று மலைகளை வளைத்தோடும் மதில் முழுவதும் ஒரு தளபதியின் பெயருக்கு!

அந்த முற்றுகை நடந்துகொண்டிருந்த 1693இல்தான் பிரான்சில் பதினான்காம் லூயி, புனித லூயி விருதை ஏற்படுத்தினார். எட்டு முனைப் பொற்சிலுவை, ஓரங்களில் வெள்ளை எனாமல், கைகளுக்கு நடுவே அல்லிப் பூக்கள், தொங்கவிடச் செந்நிற நாடா. உயர்குடிப் பிறப்பு வேண்டியதில்லை; கத்தோலிக்கராக இருந்து, படை அதிகாரியாகப் பல ஆண்டு உழைத்திருந்தால் போதும். சிலுவையின் வேலைப்பாட்டைவிட இந்த விதி எனக்குப் பிடிக்கும்.

அது நெஞ்சில் அணிவது. நம் பக்கத்தில் விருது முன்னால் தூக்கிச் செல்லப்பட்டது. தமிழில் விருது என்ற சொல்லுக்கே கொடி என்றும் பொருள் உண்டு. முகலாயரின் மாஹி மராதிப் அந்த வகை. நீண்ட கம்பின் உச்சியில் பொன்முலாம் பூசிய செப்பு மீன்தலை. வாய் பிளந்திருக்கும். கழுத்துக்குக் கீழே உடலும் வாலும் துணி. யானைமேல் பிடித்துப் போகையில் காற்றில் வால் அசைந்தால் மீனுக்கு உயிர் வந்துவிடும். கன்னானும் தையற்காரரும் கூடிச் செய்த அந்த அழகுக்கு எந்தப் பதக்கமும் கிட்டே வராது.

அந்த மீன் புதுச்சேரிக்கு வந்தது செஞ்சியால்தான். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓரிரவில் கோட்டையைப் பிடித்தார். டிசம்பரில், செஞ்சிக்கு அருகே பாளையமிறங்கியிருந்த ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் கொல்லப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த முசாபர் ஜங், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு ஏழாயிரம் குதிரைக்குரிய மன்சப் பதவியும் மீன் விருதும் அளித்தார். டூப்ளேக்கு அது போதவில்லை. நாசிர் ஜங் விழுந்த இடத்தில் ‘டூப்ளே பதேஹாபாத்’ என்று தன் பெயரிலேயே ஒரு வெற்றி நகரம் எழுப்பத் தொடங்கினார். 1752இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார். தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட விருது இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை.

தாங்கிய விருது செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலை தாண்டிச் செங்கம் வட்டாரத்தில் இருக்கிறது. எடுத்தனூர் நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்டது. எருமைகளின் பொருட்டு உயிர்விட்ட கருந்தேவக்கத்தி ஆயுதத்தோடு நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று வட்டெழுத்தில் அதற்கும் தனியாக எழுதி, கோவிவன் என்று பெயரும் வெட்டியிருக்கிறார்கள். அரசன் பெயர் இருக்கும் அதே கல்லில் நாயின் பெயர்! பொன் இல்லை, எனாமல் இல்லை. ஒரு பலகைக்கல், ஒரு உளி. நான் அறிந்த படை விருதுகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

செஞ்சிக்குப் போகிறவர்கள் இன்னொரு நாளையும் ஒதுக்கிக்கொண்டு செங்கம் பக்கத்து நடுகற்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். காலையிலேயே போங்கள், இளவெயில் சாய்வாக விழும்போதுதான் புடைப்புகள் எழும்பித் தெரியும்.