சந்தையும் தகுதியும்: முதலாளித்துவத்தின் அறநியாயம்

முதலாளித்துவத்தை ஆதரிப்போர் பெரும்பாலும் அது செல்வத்தைப் பெருக்குகிறது என்று காட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். செல்வம் பெருகுவது ஒன்று. அது பெருகும் முறை அறத்துக்கு உகந்ததா என்பது வேறொன்று. உற்பத்திச் சாதனங்கள் தனியார் உடைமையாக இருப்பதும் விலையும் கூலியும் சந்தை உடன்பாட்டின் வழியே அமைவதும் நியாயமே என நிறுவ முயன்ற சிந்தனையாளர்களின் வாதங்களை உரிமை, அறிவு, தகுதி என மூன்றாக வகுக்கலாம். இவற்றுள் மக்களிடையே மிகுந்த செல்வாக்குடைய தகுதி வாதமே வலிமை குன்றியது; முதலாளித்துவத்தின் தேர்ந்த ஆதரவாளர்கள் சிலரே அதை மறுத்துள்ளனர்.

உரிமை வாதத்தின் வேர் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் லாக்கிடம் உள்ளது. தன் உடலும் உழைப்பும் தனக்கே உரியவை என்பதால், எவருக்கும் உரிமையில்லாத இயற்கைப் பொருளில் ஒருவர் தம் உழைப்பைச் செலுத்தும்போது அது அவருடையதாகிறது என்றும், பிறருக்கும் போதிய அளவு அதே தரத்தில் எஞ்சியிருக்க வேண்டும் என்றும் அவர் கூறினார். 1974இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் இதை விரித்து, யாரிடம் எவ்வளவு உள்ளது என்பதைவிட அது எவ்வழியில் வந்தது என்பதே நீதியின் கேள்வி என்றார். முறையாகப் பெற்றதும் மனமொப்பிக் கைமாறியதுமான உடைமை, எவ்வளவு ஏற்றத்தாழ்வை உண்டாக்கினாலும், நியாயமானதே என்பது அவர் முடிவு.

மனிதரைப் பிறர் நோக்கங்களுக்கான கருவியாக்க மறுப்பதே இவ்வாதத்தின் சிறப்பு; வரலாற்றை எதிர்கொள்ளும்போது அது தடுமாறுகிறது. பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்க 1833இல் சட்டம் இயற்றியபோது, 2 கோடி பவுன் இழப்பீட்டை அடிமைகளின் உடைமையாளர்களுக்கே வழங்கியது. விடுதலை பெற்றோருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் உள்ளிட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏட்டளவில் அது இரு தரப்பும் இசைந்த உடன்பாடு. ஆனால் வேலையை விட்டு நீங்குவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்த இடத்தில் இசைவு என்ற சொல்லுக்குப் பொருள் சுருங்கிவிடுகிறது. கடந்த கால அநீதிகளைத் திருத்த வேண்டும் என்பதை நோசிக்கும் ஒரு கோட்பாடாக ஏற்றார். ஆனால் அதன் விவரங்களை வகுக்கவில்லை. இன்றைய உடைமைகளின் நியாயம் அந்த விடுபட்ட பகுதியையே சார்ந்திருக்கிறது.

அறிவு வாதத்தை முன்வைத்தவர் ஆஸ்திரியாவில் பிறந்த பொருளியல் அறிஞர் ஃபிரெடெரிக் ஹயெக். எந்தப் பொருள் எங்கே தேவை, எது அரிதாகிறது என்ற அறிவு கோடிக்கணக்கானோரிடம் சிதறிக் கிடப்பதால் அதை எந்தத் திட்டக்குழுவாலும் ஒருங்கே திரட்ட முடியாது என்றும், விலையே அவ்வறிவைச் சுருக்கி அனைவருக்கும் கொண்டுசேர்க்கிறது என்றும் 1945இல் வெளியான கட்டுரையில் அவர் விளக்கினார். இதற்கு ஓர் அறப்பொருளும் உண்டு: வாழ்வின் இலக்குகளில் உடன்படாதவர்களும் ஒருவர் மீது ஒருவர் ஆணை செலுத்தாமல் ஒத்துழைக்கச் சந்தை இடமளிக்கிறது. எனினும் விலை என்னும் மொழியைப் பணம் உள்ளவரே பேச முடியும். 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், உணவின் மொத்த அளவு குறைந்ததைவிட உணவைப் பெறும் திறனை உழைக்கும் ஏழைகள் இழந்ததே அதன் முதன்மைக் காரணம் என 1981இல் வாதிட்டார். வாங்கும் ஆற்றல் இருந்த பக்கமே அரிசி சென்றது. பசி விலையில் பதிவாகவில்லை.

உழைப்பும் திறமையும் உடையவர் உயர்கிறார், உயர்ந்தவர் அதற்குத் தகுதியானவரே என்பது மூன்றாவது வாதம். ஹயெக் இதை வெளிப்படையாகவே மறுத்தார். ஒரு பணிக்குச் சந்தை தரும் விலை, வாங்குவோர் அதற்கு அளிக்கும் மதிப்பைச் சார்ந்ததே அன்றிச் செய்தவரின் அறச்சிறப்பைச் சார்ந்ததன்று; பிறந்த குடும்பமும் தற்செயலும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. நோசிக்கும் பங்கீட்டை அறத்தகுதியால் அளக்கும் கோட்பாட்டை ஏற்கவில்லை. ஆயினும் முயன்றால் உயரலாம் என்ற நம்பிக்கை இன்றிச் சந்தை ஊக்கத்துடன் இயங்காது என்பதால், அந்நம்பிக்கையை இளைஞரிடம் எந்த அளவுக்கு வளர்ப்பது என்பதே ஒரு சிக்கல் என 1976இல் ஹயெக் ஒப்புக்கொண்டார்.

தகுதி வாதம் விலகினால், ஏழ்மையை ஏழையின் குற்றமாகவோ, வரியை நற்பண்புக்கு விதிக்கும் தண்டமாகவோ சித்திரிக்க இடமில்லை. எஞ்சும் உரிமை, அறிவு வாதங்கள் உண்மையிலேயே வலியவை. ஆனால் அவை நிபந்தனைக்கு உட்பட்டவை. வேண்டாம் என்று மறுத்து விலகும் ஆற்றல் இருந்தால்தான் உடன்பாடு உடன்பாடாகும். கையில் ஓரளவு பணம் இருந்தால்தான் விலை ஒருவரின் தேவையைக் கேட்கும். ஹயெக் அனைவருக்கும் ஒரு குறைந்தபட்ச வருமான உறுதியை ஏற்றதும், சந்தை முறையை ஆதரித்த பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1962இல் வருமானம் குறைந்தோருக்கு அரசே பணம் வழங்கும் எதிர்மறை வருமான வரியைப் பரிந்துரைத்ததும் இக்கண்ணோட்டத்தில் வெறும் இரக்கச் சலுகைகள் அல்ல. அத்தகைய காப்பு இல்லாத இடத்தில் முதலாளித்துவம் தன் ஆதரவாளர்கள் வகுத்த அளவுகோலிலேயே தேறுவதில்லை.