தலைவர் எழுதிய யுத்தமும் மக்கள் கண்ட யுத்தமும்

யுத்தத்தை நடத்தியவரே அதன் வரலாற்றையும் எழுதுவாராயின், அவ்வரலாற்றை நாம் எவ்வாறு வாசித்தல் வேண்டும்? இக்கேள்வி வரலாற்றாசிரியருக்கு மட்டும் உரியதன்று. இலக்கியத்தைச் சமுதாயத்தோடு இணைத்து நோக்கும் எவருக்கும் உரியது. இதற்கு வின்ஸ்ரன் சேர்ச்சிலின் நூலினும் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது. இரண்டாவது உலக யுத்தத்தைப் பற்றி அவர் எழுதிய ஆறு பாகங்களும் 1948 முதல் 1953 வரை வெளிவந்தன. அந்த 1953ஆம் ஆண்டிலேயே அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசு சமாதானத்துக்கானதன்று, இலக்கியத்துக்கானது. வரலாற்றையும் வாழ்க்கை வரலாற்றையும் எழுதிய திறனுக்காகவும், மனித விழுமியங்களைக் காத்து நின்ற நாவன்மைக்காகவும் அது வழங்கப்பட்டதெனப் பரிசுக் குழுவினர் காரணங் கூறினர். எனவே இந்நூலை இலக்கிய அளவுகோல் கொண்டு அளப்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

முதலில் இந்நூல் உருவான வகையை நோக்குவோம். 1945 யூலைத் தேர்தலில் பிரித்தானிய மக்கள் சேர்ச்சிலின் கட்சியைத் தோற்கடித்துத் தொழிற் கட்சியை ஆட்சியில் அமர்த்தினர். பதவியிழந்த தலைவர் பேனாவை எடுத்தார். ஆனால் அவர் தனியராக எழுதவில்லை. வில்லியம் டீக்கின் என்னும் வரலாற்றாசிரியரும், இஸ்மே, பவுனல் ஆகிய தளபதிகளும், கடற்படை அதிகாரி ஒருவரும் அடங்கிய குழுவொன்று அவருக்காக ஆவணங்களைத் தேடியது, குறிப்புகள் தயாரித்தது, பல பகுதிகளுக்கு முதல் வரைவும் எழுதிக் கொடுத்தது. மந்திரிசபைச் செயலாளரான நோர்மன் புறூக் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் திருத்தங்கள் கூறினார். 2004இல் டேவிட் றெயினோல்ட்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் இந்நூலாக்கத்தின் கதையை விரிவாக எழுதியபின், இவையெல்லாம் யாவரும் அறிந்த செய்திகளாயின.

பலர் கூடி உழைத்ததில் குற்றமொன்றுமில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. சேர்ச்சில் தமது குறிப்புகளையும் தந்திகளையும் எடுத்தாள அரசாங்கம் இடமளித்தது. மற்றையோருக்கோ அக்கதவு அடைபட்டிருந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்கப் பத்திரங்களை 50 ஆண்டுகளுக்கு மூடி வைத்தது. 1967இல் அது 30 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. உலக யுத்தகாலப் பத்திரங்கள் பெருந்தொகையாகத் திறக்கப்பட்டது 1972இலேயே. ஆகவே ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், ஆவணங்களைக் கையில் வைத்திருந்தவர் எழுதியதை மறுத்துரைப்பதற்கான ஆவணம் மறுத்துரைக்க விரும்பியவர்களின் கைக்கு எட்டவில்லை. இறுதிப் பாகங்கள் வெளிவந்த வேளையில் நூலாசிரியர் மீண்டும் பிரதமராக இருந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

நூலின் இலக்கியச் சிறப்பை மறுப்பது நேர்மையாகாது. 1940ஆம் ஆண்டு மே மாத இறுதியில், பிரான்சு வீழ்ந்துகொண்டிருந்த வேளையில், ஹிட்லரோடு சமரசம் பேசலாமென்ற எண்ணம் மந்திரிசபையின் உள்ளேயே எழுந்தபோது அதனை எதிர்த்து நின்றவர் சேர்ச்சில். பாசிசத்தை எதிர்த்த எவரும் இதற்குரிய மதிப்பைக் கொடுத்தேயாக வேண்டும். அந்த உறுதி நூலின் நடையிலும் தெரிகின்றது. ஆயினும் இந்நூலின் வடிவம் காவியத்தின் வடிவம். நடுவில் ஒரு தலைவன்; அவன் முன்னே ஒரு படம்; அதில் கப்பல்களும் படைப்பிரிவுகளும் நகர்கின்றன. அவன் விடுக்கும் கட்டளைகள் நூலில் முழுமையாக அச்சிடப்படுகின்றன. அவற்றுக்கு வந்த பதில்களோ பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. கேள்வி கேட்பவனாகவும் முன்கூட்டியே உணர்ந்தவனாகவும் ஒருவனே தோன்ற, ஏனையோர் தயங்குபவராகவும் தாமதிப்பவராகவும் தோன்றுகின்றனர். பொய்யான பத்திரம் ஒன்றைத்தானும் சேர்க்காமலே, உண்மையான பத்திரங்களைத் தெரிந்தெடுக்கும் முறையினாலேயே இது நிகழ்கின்றது.

தெரிந்தெடுத்தலின் விலை என்னவென்பதை வங்காளத்திற் காணலாம். 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமாகியது. பர்மா அரிசி நின்றது. யப்பானியர் வங்கக் கரையில் இறங்கினால் அவர்களுக்கு எதுவும் கிட்டலாகாதென்று, கரையோர மாவட்டங்களிலிருந்து நெல்லை அகற்றுமாறும், 10 பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளைக் கைப்பற்றுமாறும் அரசு கட்டளையிட்டது. ஆறுகளே பாதைகளாக அமைந்த நாட்டில், படகை இழந்த மீனவனும் படகோட்டியும் தொழிலை இழந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் மேதினிபூர்ப் பகுதியைப் புயல் அழித்தது. யுத்தச் செலவினால் பண வீக்கம் பெருகியது, வியாபாரிகள் பதுக்கினர், மாகாண ஆட்சி தடுமாறியது. 1943இல் மக்கள் கூட்டங் கூட்டமாக இறந்தனர். வூட்ஹெட் என்பவரின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 1945இல் இறந்தோர் தொகை ஏறக்குறைய 15 இலட்சமெனக் கணித்தது. பிற்கால ஆய்வாளர் பலர் அதனை 30 இலட்சம் வரை உயர்த்துவர்.

இறந்தோர் யாவர்? நிலமற்ற கூலியாளர், மீனவர், கைவினைஞர் ஆகியோரே இவர்களுட் பெரும்பாலோர். உணவின் மொத்த அளவு குறைந்தமையிலும் பார்க்க, உணவை வாங்கும் வலிமையை ஒரு வர்க்கத்தினர் இழந்தமையே இப்பஞ்சத்தின் அடிப்படை என்று 1981இல் அமர்த்தியா சென் வாதிட்டார். கல்கத்தாவில் யுத்தத் தொழிற்சாலைகளுக்கு அரிசி ஒழுங்காகக் கிடைத்தது. அந்நகரின் வீதியோரங்களிற் கிராமத்தவர் பிணங்களாயினர்.

இந்திய அரசு 1943இல் 5 இலட்சம் தொன் தானியம் வேண்டுமெனக் கேட்டபோது, இலண்டனிலிருந்த யுத்த மந்திரிசபை அதன் சிறு பகுதியையே அனுப்ப இணங்கியது. கப்பல் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். கப்பற் பற்றாக்குறை உண்மையானதே. ஆனால் எத்தேவைக்கு முதலிடம் என்பதைத் தீர்மானித்தவர்கள் மனிதர்களே. இந்தியாவுக்குப் பொறுப்பான மந்திரியாயிருந்த அமெரியின் நாட்குறிப்பு 1988இலும், வைசிராய் வேவலின் நாட்குறிப்பு 1973இலும் அச்சேறின. இவ்விருவரும் புரட்சிக்காரர் அல்லர், பேரரசின் ஊழியர். இந்தியரைப் பற்றிப் பிரதமர் எத்தகைய வெறுப்புடன் பேசினார் என்பதை அமெரியும், தானியத்துக்காகத் தாம் எத்தனை முறை மன்றாட வேண்டியிருந்தது என்பதை வேவலும் எழுதி வைத்துள்ளனர். நீதியாகக் கூறுவதாயின் இன்னொன்றையுஞ் சொல்லுதல் வேண்டும். 1944 ஏப்ரிலில் அவுஸ்திரேலியக் கோதுமையை இந்தியாவுக்குக் கொண்டுசெல்லக் கப்பல் தந்துதவுமாறு சேர்ச்சில் ரூஸ்வெல்ற்றைக் கேட்டார்; ரூஸ்வெல்ற் மறுத்துவிட்டார். பஞ்சத்தின் பழி முழுவதையும் ஒருவர் தலையிற் சுமத்துதல் வரலாறாகாது. மதுஸ்ரீ முகர்ஜி 2010இல் வெளியிட்ட கடுமையான குற்றச்சாட்டு நூலைத் தொடர்ந்து எழுந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆனால் நமது கேள்வி பழி யாருடையது என்பதன்று. சேர்ச்சிலின் ஆறு பாகங்களில் இம்மரணங்களுக்கு என்ன இடம் கிடைத்தது என்பதே. தனி அத்தியாயம் ஒன்றேனும் இல்லை. அதற்கு மாறாக நான்காம் பாகத்தில், உலக யுத்தத்தின் கொடுமைகளிலிருந்து இந்திய மக்களைப் போல் வேறெந்தப் பெருந்தொகை மக்களும் பாதுகாக்கப்படவில்லை என்னும் பொருள்பட அவர் எழுதுகின்றார். பிரித்தானியத் தீவு அவர்களைத் தன் தோளிற் சுமந்து சென்றதாம். இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டு சில ஆண்டுகளே கழிந்த நிலையில் இவ்வாறு எழுத முடிந்தது. இதனை வெறும் மறதி என்று கூறிவிட முடியாது. நூலின் வடிவமே இதற்கு இடந் தருகின்றது. தலைவனின் மேசைமேல் விரித்த படத்தில் வங்காளம் ஒரு தளம்; தளத்தில் மனிதர் வாழ்வதில்லை.

அதே காலத்தில் இன்னொரு தலைவரும் எழுதிக்கொண்டிருந்தார். 1942 ஓகஸ்ட் முதல் அகமத்நகர்க் கோட்டையிற் சிறையிருந்த நேரு, 1944 ஏப்ரில் தொடக்கம் செப்ரெம்பர் வரையான ஐந்து மாதங்களில் 'இந்தியாவின் கண்டுபிடிப்பு' என்னும் நூலை எழுதினார்; 1946இல் அது வெளிவந்தது. அவரிடம் அரசாங்கப் பத்திரங்கள் இல்லை. ஆய்வாளர் குழுவும் இல்லை. ஆயினும் அந்நூலின் முதல் அத்தியாயத்திலேயே வங்கப் பஞ்சம் வந்துவிடுகின்றது. எல்லா ஆவணங்களையும் வைத்திருந்தவர் விட்டுவிட்டதை, ஆவணமே இல்லாத கைதி எழுதியுள்ளார். எனவே ஒருவர் எதைப் பார்க்கின்றார் என்பதை நிர்ணயிப்பதில் அவருக்குக் கிடைத்த தகவலிலும் அவர் நின்ற இடத்துக்கே கூடிய பங்குண்டு எனலாம்.

கலைஞர்களும் அவ்விடத்திலேயே நின்றனர். 1943இல் மேதினிபூர்க் கிராமங்களூடே நடந்து சென்ற சித்தப்பிரசாத், தாம் கண்டவற்றைக் கோட்டோவியங்களாக வரைந்து 'பசித்த வங்காளம்' என்ற சிறு நூலாக்கினார். அரசு அதன் பிரதிகளைப் பறித்து அழித்தது. சயினுல் ஆபெதீன் கல்கத்தா வீதிகளிற் கண்ட பட்டினி உருவங்களைக் கரிய மையினால் தீட்டினார். பிஜன் பட்டாச்சார்யா எழுதிய 'நபான்ன' நாடகத்தை இந்திய மக்கள் நாடக மன்றம் 1944இல் மேடையேற்றியது. கிராமத்தை விட்டுக் கல்கத்தாவுக்கு ஓடிவரும் உழவர் குடும்பமே அதன் கதைத் தலைமை. இப்படைப்புகளைப் பிரசாரம் என்று ஒதுக்கியோர் அன்று பலர். ஆனால் பிற்காலத்தில் திறக்கப்பட்ட ஆவணங்கள், பிரதமரின் வரிகளைக் காட்டிலும் இவ்வோவியங்களுக்கும் நாடகத்துக்குமே சான்றாக நிற்கின்றன.

நமது நாட்டுக்கும் இந்நூலில் ஓரிடம் உண்டு. நான்காம் பாகத்தில் 'இலங்கையும் வங்காள விரிகுடாவும்' என்றே ஓர் அத்தியாயம் அமைந்துள்ளது. 1942 ஏப்ரில் 5ஆந் திகதி கொழும்பும், 9ஆந் திகதி திருகோணமலையும் தாக்கப்பட்டமை, மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியமை ஆகியன அதற்குரிய பொருள். பர்மா அரிசி நின்றதனால் பங்கீட்டு அட்டைக்கு வந்த குடும்பங்களும், மலாயா வீழ்ந்தபின் இறப்பர் மரங்களை இறுதித் துளி வரை வெட்டிப் பாலெடுத்த தோட்டத் தொழிலாளரும் அப்படத்தில் அகப்படுவோர் அல்லர். நம் மாணவன் யுத்தகால இலங்கையை அந்த அத்தியாயத்தினால் மட்டும் அறிவானாயின், தன் பாட்டனாரின் வாழ்க்கையை அறியாதவனாகவே இருப்பான்.

ஏகாதிபத்தியவாதியின் நூலில் இக்குறை இருப்பது இயல்பே என்று கூறி நாம் அமைதி கொள்ளலாமா? முடியாது. சோவியத் தளபதி ஜுக்கோவின் நினைவுக் குறிப்புகள் 1969இல் வெளிவந்தன. ஸ்டாலின் பூகோள உருண்டையை வைத்து யுத்தம் நடத்தினார் என்று 1956இல் குருஷேவ் கூறியதை ஜுக்கோவ் மறுத்தார், அம்மறுப்பு மதிப்புடையது. ஆனால் 1937-38இல் செஞ்சேனை அதிகாரிகள் அழிக்கப்பட்டமை பற்றி அவர் எழுதிய பகுதிகளைத் தணிக்கையாளர் வெட்டினர். 1990ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே விடுபட்டவை சேர்ந்தன. யுத்தத்தில் அரசியல் அதிகாரியாயிருந்த பிரெஸ்னேவ், நாட்டின் தலைவரானபின் 1978இல் 'சின்ன மண்' என்ற நினைவு நூலை வெளியிட்டார். அதனைப் பிறர் எழுதிக் கொடுத்தனர். ஒரு சிறு போர்முனை மாபெரும் யுத்தகளமாக உயர்ந்தது. நூலாசிரியருக்கு இலக்கியத்துக்கான லெனின் பரிசும் கிடைத்தது. 1982இல் அவர் மறைந்தபின் அந்நூலைத் தேடுவாரிலர். நாசிசத்தை முறியடிப்பதில் முதற் பங்கு சோவியத் மக்களுடையது; இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் உயிர் கொடுத்தனர். அத்தியாகத்தை மதிப்பவர்களே அதனைத் தலைவரின் அணிகலனாக்குவதை முதலில் எதிர்த்தல் வேண்டும்.

அவ்வாறாயின் தலைவர்களின் நினைவு நூல்களை ஒதுக்கிவிடலாமா என்று சிலர் வினவலாம். தமிழ் பயின்றோருக்கு இதற்கு விடை தெரியும். முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுக்களின் தலைப்பில் மெய்க்கீர்த்தி அமைகின்றது; அரசன் வென்ற நாடுகளை அது அடுக்கிக் கூறும். அதனை எவரும் எறிந்துவிடவில்லை; எவரும் அப்படியே நம்பவுமில்லை. மெய்க்கீர்த்திக்குக் கீழே, அதே கல்லில், எந்த நிலம் யாருக்குப் போயிற்று, யார் எவ்வளவு வரி செலுத்தினார் என்ற செய்திகள் உள்ளன. சமுதாய வரலாற்றை நாடுவோர் அங்கேயே தேடுகின்றனர்.

இம்முறையையே யுத்த நினைவு நூல்களுக்குங் கைக்கொள்ளலாம். எப்பொழுது எழுதப்பட்டது, எப்பதவியை நாடி எழுதப்பட்டது, எந்த ஆவணம் சேர்க்கப்பட்டது, பதில் ஏன் அச்சிடப்படவில்லை என்று கேட்டல் வேண்டும். பின்னர் வந்த சாட்சியங்களோடு ஒப்பிடல் வேண்டும். சேர்ச்சிலின் தலைமைத் தளபதி ஆலன்புறூக்கின் நாட்குறிப்பு 1957இலும் 1959இலும் மென்மைப்படுத்தப்பட்டு வந்தது. 2001இல் வெளிவந்த முழுப் பதிப்பிலேயே அவருடைய கோபம் முழுமையாகத் தெரிந்தது. பகைவரின் இரகசியச் செய்திகளைப் பிரித்தானியர் உடைத்துப் படித்தமை 1974 வரை பொதுமக்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது. ஆகவே அதுவரை தீர்க்கதரிசனம் எனப் போற்றப்பட்ட சில முடிவுகள், எதிரியின் கடிதத்தைப் படித்ததன் பயன் என்பது பின்னரே புலனாயிற்று.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. பாடநூல் ஒரு தலைவரின் பெயரைச் சொல்லி ஒரு யுத்தத்தை முடிக்கும்போது, அந்த ஆண்டில் அரிசி என்ன விலை விற்றது, படகு யாரிடமிருந்து பறிக்கப்பட்டது, பிணங்களை எண்ணியவர் யார் என்ற வினாக்களை மாணவர் கேட்கப் பழக வேண்டும். சேர்ச்சிலின் நூலையும் அவர்கள் படிக்கட்டும். ஆனால் அருகே சித்தப்பிரசாத்தின் ஓவியங்களும் விரிந்திருக்கட்டும். இரண்டையும் ஒருங்கே பார்க்கும் மாணவனுக்கு, 1943இல் வங்கத்து மக்களை யார் சுமந்தார் என்பதை நாம் விளக்கிக் கூற வேண்டிய தேவை இராது.