நரம்பறிந்த ஊசி

முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சையில், எலும்பைச் செதுக்கி உலோகம் பொருத்தும் அறுவை நிபுணரின் கைத்திறனை உலகம் வியந்து பேசுகிறது. அதன்பின் எழும் வேதனையை நரம்பின் வழியிலேயே மறித்து நிறுத்தும் மயக்க மருத்துவரின் சூட்சுமமான வித்தையைப் புகழ்வோரோ அரியர். 1884-ஆம் ஆண்டில் வியன்னாவில் கார்ல் கோலர் என்னும் இளம் வைத்தியர், கண்ணில் கொக்கெயின் சொட்டுகளை இட்டு அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம் என்று காட்டியதிலிருந்து வளர்ந்து வந்த மரபு இது.

முன்பெல்லாம் தொடையின் மேற்பகுதியில் பெரிய நரம்பையே மரக்கச் செய்வது வழக்கம். வலி தணியும், ஆனால் முன்தொடைத் தசையும் உடன் தளர்வதால், எழுந்து நடக்க முயலும் நோயாளி தடுமாறி விழ நேரும். இன்றோ நடுத்தொடையில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, திரையில் கரிய வட்டமாகத் துடிக்கும் ரத்தக்குழாயின் அருகே, வெள்ளிக் கம்பிபோல் ஒளிரும் ஊசியை மெல்லச் செலுத்தி, ரத்தம் வருகிறதா என்று பின்னிழுத்துப் பார்த்து, 15 முதல் 20 மில்லி மருந்தைச் சிறுகச் சிறுக விட, அது தசைக்கடியில் பரவி, முழங்காலின் முன்புற உணர்ச்சியைச் சுமக்கும் நரம்பைச் சூழ்ந்துகொள்கிறது.

மூட்டின் பின்புற வலிக்கு இது போதாது. அதற்கு வேறு ஊசியோ மாத்திரையோ துணை வேண்டும். ஆயினும், காலின் பலத்தைப் பெரும்பாலும் காத்து வலியை மட்டும் விலக்கும் இந்த விவேகம், மறுநாளே நோயாளியை வாக்கர் பிடித்து நடக்க வைக்கிறதென்றால், அதனினும் பெரிய உபகாரம் வேறு வேண்டுமோ?