தடையும் தேயிலையும்

பொருளாதாரத் தடை ஒரு நாட்டின் அணுத்திட்டத்தை நிறுத்துமா? இதுபற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டே வகை: தடை எல்லாம் செய்யும், தடை ஒன்றுமே செய்யாது. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

ஈரானைப் பாருங்கள். கடுமையான தடைகள் அதைப் பேச்சு மேசைக்குக் கொண்டுவர உதவின, மறுப்பதற்கில்லை. ஆனால் யுரேனியச் செறிவூட்டலை 3.67 சதவீதத்துக்குள் கட்டிவைத்தது 2015ஆம் ஆண்டு உடன்படிக்கை. தடை நீங்கும் என்ற வாக்குறுதியும், சர்வதேசப் பரிசோதகர்களின் கண்காணிப்பும் அதில் இருந்தன. 2018இல் அமெரிக்கா விலகி மீண்டும் தடை விதித்தது. 2021இல் ஈரான் 60 சதவீதத்தைத் தொட்டது. வாக்குறுதி போனபின் மிஞ்சிய தடை, வெறும் தண்டனைதான்.

அத்தண்டனை எங்கள் மலைக்கும் ஏறிவந்தது. ஈரான் சிலோன் தேயிலையை விரும்பி வாங்கும் நாடு. பழைய எண்ணெய்க் கடன் 25.1 கோடி டொலரை இலங்கையால் வங்கிவழி செலுத்த முடியவில்லை. மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாக அடைப்பதென 2021 டிசம்பரில் ஒப்பந்தமானது. கணக்குப் போட்டால் நாலு வருசத்துக்கு மேல்.

ஹட்டனில் வகுப்பில் இதைச் சொன்னபோது, தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "குண்டு செய்றவங்களுக்குப் போட்ட தடை, கொழுந்து பறிக்கிறவங்கள ஏன் சேர் தேடி வருது?"

நம் கட்டுரைகள் தொடங்க வேண்டிய இடம் அந்தக் கேள்விதான்.