நைட்ரோ வண்டி என்ன குடிக்கும்?

ரிமோட்டில் ஓடும் நைட்ரோ டிரக் ஒன்றை வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டீர்களா? சந்தோஷம். எத்தனை கிலோ எடை, எத்தனை கிலோமீட்டர் வேகம், எத்தனை அடி உயரம் எகிறும் என்று கடைக்காரர் மூச்சு விடாமல் சொல்வார். ஒரு விஷயத்தை மட்டும் நீங்களாகக் கேட்க வேண்டும். இந்த வண்டி என்ன குடிக்கும்?

பெட்ரோல் இல்லை சார். மெத்தனால், நைட்ரோமீத்தேன், கொஞ்சம் ஆயில். மூன்றும் கலந்த கலவை. பெயரில் நைட்ரோ இருக்கிறதே தவிர, 20 சதவீதம் நைட்ரோ என்று லேபிள் ஒட்டிய டப்பாவில் மூன்றில் இரண்டு பங்கு மெத்தனால்தான்.

மெத்தனால் என்றால் என்னவென்று திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபது பேருக்கும் மேல் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். அதற்கு முந்தைய வருடம் மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இதே கதை. உள்ளே போனால் கண் பார்வையைப் பறிக்கும், பிறகு உயிரை. தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் அதன் ஜுவாலை கண்ணுக்கே சரியாகத் தெரியாது. போதாததற்கு, சில கம்பெனிகள் இந்த எரிபொருளுக்கு ரோஸ் மில்க் மாதிரி கலர் வேறு சேர்க்கின்றன. வீட்டில் நாலு வயசுக் குழந்தை இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

‘அப்போ வேண்டாம்ங்கிறீங்களா?’ என்றால், அப்படி ஒரே வரியில் தள்ளிவிடவும் முடியாது. ஏனென்றால் இது பொம்மை இல்லை, நிஜமான எஞ்சின். 1999-ல் அமெரிக்காவின் டிராக்ஸஸ் கம்பெனி டி-மேக்ஸ் என்ற டிரக்கை இறக்கியது. உள்ளங்கையில் அடங்கும் எஞ்சின், இரண்டு கியர், ரிவர்ஸும் உண்டு. 2002-ல் ஹெச்.பி.ஐ. கம்பெனியின் சாவேஜ் வந்தது. இன்னும் பெரிய உடம்பு, பெரிய எஞ்சின். கல், மேடு, பள்ளம் எதற்கும் அசராத இந்த ரகத்துக்கு ‘மான்ஸ்டர் டிரக்’ என்று பெயர். டி-மேக்ஸின் பிற்கால 3.3 சிசி மாடல் மணிக்கு 70 கிலோமீட்டர் போகும் என்றது கம்பெனி.

எஞ்சினுக்குள் நடப்பது இன்னும் ருசியானது. பைக்கில் இருப்பதுபோல் ஸ்பார்க் கிடையாது. குளோ பிளக் என்ற குட்டிக் கம்பிச் சுருளை முதலில் பாட்டரி வைத்துச் சூடாக்க வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு பாட்டரியை எடுத்துவிடலாம். சுருளில் உள்ள பிளாட்டினமும் மெத்தனாலும் சேர்ந்து அந்தத் தணலை அணையாமல் பார்த்துக்கொள்ளும். எரிபொருளும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதை ஒரு ஊசித் திருகு தீர்மானிக்கிறது. காலையில் வைத்த அளவு மதிய வெயிலுக்குச் சரிப்படாது. காதால் கேட்டு, புகையைப் பார்த்துத் திருத்த வேண்டும். மெக்கானிக் ஷாப்பில் ஆறு மாதம் எடுபிடியாக இருந்தால் வரும் ஞானம் இதில் வந்துவிடும். ஐஐடி பம்பாயின் டெக்ஃபெஸ்ட் விழாவில் இந்த மாதிரி எஞ்சின் கார்களுக்குப் போட்டியே வைத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா?

சரி, கணக்குக்கு வருவோம். பி.காம். படித்தவன் அதை விடமுடியாது. வண்டியின் விலை ஒருமுறைச் செலவு. எரிபொருள் ஓயாத செலவு. டேங்க் 125 மில்லி என்று வையுங்கள். அது சுமார் 12 நிமிடம் ஓடும். ஒரு லிட்டருக்கு எட்டு டேங்க், அதாவது ஒன்றரை மணி நேர ஆட்டம். புது எஞ்சினின் முதல் சில டேங்குகளை மெதுவாக ஓட்டியே தீர்க்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாவிட்டால் எஞ்சின் சீக்கிரம் போய்விடும். வண்டி வெளிநாட்டுச் சரக்கு என்றால் சுங்க வரி. பொம்மைகள் மீதான வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் ஏறியது. உடைகிற ஒவ்வொரு உதிரி பாகமும் கடல் தாண்டித்தான் வர வேண்டும் என்றால் கணக்கு எங்கே போய் நிற்கும்?

அடுத்த கேள்வி: எங்கே ஓட்டுவீர்கள்? உங்கள் வீடு ரமணாசிரமம் பகுதியில் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் மலை இருக்கிறதே என்று எண்ணாதீர்கள். அது காப்புக் காடு. மானும் மயிலும் இருக்கிற இடம். முன்னால் கிரிவலப் பாதை. அங்கே வெறுங்காலோடு நடப்பவர்கள் மேல் ஐந்து கிலோ இரும்பும் பிளாஸ்டிக்கும் 70 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால்? சத்தம் வேறு. கொசுவைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்குள் விட்ட மாதிரி. பேசாமலிருந்தே பாடம் நடத்திய ஒரு மகான் 1950 வரை வாழ்ந்த இடம். அந்த மௌனத்தைத் தேடி உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் பன்னிரண்டு நிமிட ஆட்டத்துக்கு அவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

வறண்ட காலத்தில் சமுத்திரம் ஏரி மாதிரியான இடம் கண்ணில் படும். அங்கும் ஆடு மாடு மேயும், ஆள் நடமாட்டம் இருக்கும். அதுவும் இல்லை என்றாலும் புழுதி இருக்கிறது. நைட்ரோ எஞ்சினுக்கு முதல் எமன் புழுதிதான். எண்ணெய் தடவிய ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் கழுவவில்லை என்றால் பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்து கம்ப்ரஷன் போய்விடும்.

ஆகவே என் தீர்ப்பு இது. பில்லோடும் உரிமத்தோடும் விற்கும் கடையில் ரெடிமேட் எரிபொருள் கிடைக்க வேண்டும். ‘மெத்தனால் வாங்கி நானே கலந்துக்கறேன்’ என்று கிளம்பாதீர்கள். அது ஆபத்து, போலீஸ் வேறு வீட்டுக்கு வரும். ஊருக்கு வெளியே, சொந்தக்காரர் சம்மதித்த காலி நிலம் வேண்டும். உதிரி பாகம் இந்தியாவிலேயே கிடைக்க வேண்டும். மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். 2.5-லிருந்து 3.3 சிசி போதும். ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆக இருக்கட்டும். சிக்னல் அறுந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் ‘ஃபெயில்-சேஃப்’ கட்டாயம். பழைய வண்டி என்றால் ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். உச்சியில் பிஸ்டன் இறுக்கிப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றில் ஒன்று இல்லையா? பாட்டரி டிரக் வாங்குங்கள். வேகத்தில் அது இன்று நைட்ரோவுக்குச் சளைத்தது இல்லை. புகை இல்லை, ஊசித் திருகு இல்லை, ராத்திரியில் பீரோவுக்குள் வைத்துப் பூட்ட வேண்டிய விஷம் இல்லை. பாட்டரியைச் சார்ஜ் போடும்போது மட்டும் பக்கத்திலேயே இருங்கள். எஞ்சின் சத்தமும் அந்த வாசனையும் கிடைக்காதுதான். ஓட்டும் கை முதலில் பழகட்டும், எஞ்சின் இரண்டாவது வண்டியில் வரட்டும்.

கடையில் நின்று விலை கேட்பதற்கு முன் எரிபொருள் டப்பாவை எடுத்து லேபிளைப் படியுங்கள். படித்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், நீங்கள் நைட்ரோவுக்கு லாயக்கான ஆள்தான்.